‘ஹேர்பின் ராஜா’ நான்காம் பாகத்தில் வண்டி நின்ற இடம்

ஐம்பது பாயிண்ட்

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் என் காரின் முன்பக்கத்தில் மோதி, மேலே பறந்து, ரோட்டோரப் புளியமரத்தில் இடித்து விழுந்தாள். திரையின் மூலையில் மஞ்சள் எழுத்தில் ‘+50’ என்று வந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் சேர்த்து இடித்திருந்தால் ‘காம்போ’ என்று இன்னும் பெரிய எழுத்தில் வந்திருக்கும். சென்னை ஆபீஸிலிருந்து அன்று காலையில் வந்த பில்ட் அது. பில்ட் என்றால், கேம் வெளியே போவதற்கு முன் நாங்களே போட்டு ஓட்டிப் பார்க்கிற பதிப்பு.

போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அதே பெண், அதே புடவை, அதே ஐம்பது பாயிண்ட். அவளை எனக்குத் தெரியும். வெள்ளிமலைச் சந்தையில் சாமையும் கடுக்காயும் விற்கிற சின்னப்பொண்ணு அக்கா. அவர் முகத்தைப் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பியவளே நான்தான்.

மொபைல் கேம் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்று. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்த ஒரு கேமின் கதையைச் சொல்கிறேன். நாலு பாகம் வந்த ரேஸ் கேம். நாலிலும் நான் இருந்தேன். நாலாவது பாகத்தின் பெயர்ப் பட்டியலில் மட்டும் என்னைத் தேட வேண்டாம்.

வளையாத ரோடு

முதல் பாகம் பட்டன் போன் காலத்தில் வந்தது. நான் உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்க்காரி. அப்பா நெல் வைப்பவர். எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள் நான். சீட் கிடைத்தது இட ஒதுக்கீட்டில். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதன் சார்தான் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அப்போது அவர் டிசைனர். பிறகு ப்ரொட்யூசர் ஆனார். அதாவது கேமில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று கடைசி வார்த்தை சொல்பவர்.

“செல்வி, உனக்கு கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாதுங்க சார்.”

“ரொம்ப நல்லது. அப்ப எல்லா இடத்துலயும் இடிப்ப. டெஸ்டிங்குக்கு அப்படி ஆளுதான் எனக்கு வேணும்.”

இடிப்பதுதான் என் முதல் வேலை. ஒவ்வொரு மாடல் போனிலும் கேமைப் போட்டு பாறையில் இடிப்பேன், லாரியில் இடிப்பேன், மைல்கல்லில் இடிப்பேன். எந்தப் போனில் கேம் உறைந்து நிற்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். அந்தப் போன்களுக்குச் சக்தி குறைவு. ஆகவே ரோடு நிஜமாக வளையாது. ரோட்டுப் படத்தைக் கிடைமட்டமாக வரி வரியாக வெட்டி, மேல் வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளுவோம். பார்ப்பவர் கண்ணுக்கு வளைவு மாதிரி இருக்கும். பின்னால் ஒரே ஒரு மலைப்படம், எந்த ஊர் மலையும் இல்லை. ஆனாலும் ‘ஹேர்பின் ராஜா’ ஓடியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

இடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிற்பாடு என்னை அப்படித்தான் பேசினார்கள்.

பைன் மரமும் புளியமரமும்

இரண்டாம் பாகம் டச் போனுக்கு வந்தது. ரோடு நிஜமாகவே வளைந்தது. ஆனால் ரோட்டோரம் பைன் மரம், தூரத்தில் பனிமலை, மர வீடு. எல்லாமே இணையத்தில் ரெடிமேடாக வாங்கிய படங்கள். ஒரு நாள் கொல்லிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் விமர்சனத்தில் எழுதியிருந்தார்: “எங்க ஊர் கொண்டை ஊசி வளைவுக்கு இதெல்லாம் உறை போடக் காணாது.” ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்த ஆள் சொல்வது சரி என்றேன்.

அப்படித்தான் மூன்றாம் பாகம் கல்வராயன் மலைக்கு வந்தது. எனக்குக் கல்யாணமாகி வந்த ஊர் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை ஏறுகிற ரோடு எனக்கு மனப்பாடம். அதற்குள் லெவல் டிசைனர் ஆகியிருந்தேன். ரேஸ் நடக்கிற இடத்தை அமைப்பவர்களுக்கு அந்தப் பெயர். எந்த வளைவில் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறது, எங்கே மரவள்ளி லோடு ஏற்றிய வண்டி குறுக்கே நிற்கும், எல்லாவற்றையும் வைத்தேன். ரோட்டோரம் ஆட்கள் நின்று கைதட்ட வேண்டும் என்றார் சலீம். அவர்தான் ஆர்ட்டிஸ்ட். உருவத்தைக் கம்ப்யூட்டரில் செய்து, அதன் மேல் ‘டெக்ஸ்சர்’ என்று நிஜ முகத்தின் படத்தைப் போர்த்துவார். அதற்கு முகம் வேண்டும்.

சந்தை நாளில் வெள்ளிமலைக்குப் போனேன். சும்மா போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லிக் கேட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். சின்னப்பொண்ணு அக்கா நிறைய கேள்வி கேட்டார்.

“நம்ம ரோட்டுல கார் பந்தயம் வுட்றியா?”

“நிஜத்துல இல்லக்கா. போன்ல.”

“நானு இன்னா பண்ணிக்கினு இருப்பேன்?”

“ஓரமா நின்னு கைதட்டுவீங்க.”

“ஓரமான்னா ஓரமாவே நிக்க வெய்யி. நடுரோட்டுல கொண்டாந்து நிறுத்திடாத. இந்த பஸ்ஸுக்காரனுவளே கண்ணுமண்ணு தெரியாம வர்றானுவ.”

“இல்லக்கா. தடுப்புக்குப் பின்னாடிதான் நிப்பீங்க. சத்தியமா.”

சரி, எடுத்துக்கோ என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நேராக நின்றார். மூன்றாம் பாகம் வந்தபோது அவர் வீட்டுக்காரர் போனில் சந்தையே கூடிப் பார்த்தது. ஒரு வளைவில் அவர் நிற்பார். அந்த இடம் வந்ததும் நூறு பேர் பந்தயத்தை விட்டுவிட்டு வண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். கம்பெனிக்கும் அந்தப் பாகம்தான் சோறு போட்டது. மண்வாசனை, மண்வாசனை என்று எல்லாரும் எழுதினார்கள்.

ஹைவேயில் தோன்றிய ஐடியா

நான்காம் பாகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்திருந்தது. ஊரடங்கு வந்ததிலிருந்து நான் கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தேன். அந்த நாட்களில் உளுந்தூர்பேட்டையில் ஹைவேயை மறித்தால் எலவனாசூர்கோட்டை வரை லாரி வரிசை நிற்கும். மலைக்குப் போகிற பஸ்ஸும் நின்றுவிடும். ஒரு நாள் அப்பா மறியல் நடக்கிற இடத்திலிருந்தே போன் பண்ணினார்.

“நானும் ரோட்டுல குந்திக்கினுதான் இருக்கறேன். வயசாச்சுன்னு போலீஸ்காரரே தண்ணி பாட்டில் குடுத்தாரு.”

“எதுக்குப்பா இந்த வெய்யில்ல?”

“உனக்குக் கெடச்சிது. உன் தம்பி புள்ளைக்கும் கெடைக்கோணும் இல்ல? குந்துனாதான் கேக்கறானுவ.”

அதே நாளில் மதன் சார் திருச்சியிலிருந்து காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மறியலில் மாட்டிக்கொண்டார். மறுநாள் மீட்டிங்கில் அவர் முகத்தில் அவ்வளவு உற்சாகம்.

“நேத்து ஹைவேல ஸ்டக் ஆகி உக்காந்திருந்தேன். முன்னாடி ஒரு கும்பல். அப்படியே ஏத்திட்டுப் போயிடலாமான்னு இருந்துச்சு. அப்பதான் தோணுச்சு, இதுதான் நம்ம நாலாவது பார்ட். மறியல் மோட். ஆளுக்கு ஐம்பது பாயிண்ட். பாருங்க, எப்படிப் போகுதுன்னு.”

சிலர் சிரித்தார்கள். மந்திரி போவதற்காக இதே மனிதர் எத்தனை சிக்னலில் வாய் பொத்திக் காத்திருக்கிறார். கட்சி மாநாட்டுக்கு, சினிமாக்காரர் ஊர்வலத்துக்கு எத்தனை முறை வண்டியைத் திருப்பியிருக்கிறார். அப்போதெல்லாம் ஒரு மோடும் தோன்றவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஏற்றுவதென்றால் எங்கள் அப்பா மாதிரி ஆள் மேல்தான் ஏற்றத் தோன்றும்.

புதிதாக ஆட்களைச் செய்ய நேரமில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடவை செய்த உருவத்தைத் தூக்கி எறிய மாட்டோம், அடுத்த பாகத்தில் வேறு வேலைக்கு வைப்போம். அதன்படி மூன்றாம் பாகத்தில் கைதட்டியவர்களை எடுத்து, கையில் கொடி கொடுத்து, கைதட்டலை முஷ்டி ஆட்டலாக்கி, நடுரோட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன பில்ட் அதுதான்.

இதில் அநியாயத்துக்கு மேல் அநியாயம் ஒன்று உண்டு. மலைக்காரர்கள் அந்தப் போராட்டத்திலேயே இல்லை. அது சமவெளியில் நடந்தது. அவர்களுக்கான ஒதுக்கீடு வேறு, அவர்கள் பாடு வேறு. பஸ் வராமல் மூட்டையோடு மலையிலேயே கிடந்தவர்கள் அவர்கள். மறித்தவர் எங்கள் அப்பா, அடிபட்டது சின்னப்பொண்ணு அக்கா. மதன் சாருக்கு இருவரும் ஒன்றுதான். வேட்டி, புடவை, கறுத்த முகம். அதற்கு மேல் உற்றுப் பார்க்க அவருக்கு அவசியம் வந்ததே இல்லை.

நீ மெரிட்டு

போன் போட்டேன்.

“சார், அந்தப் படங்கள நான் ஓரமா நிக்க வைக்கறேன்னு சொல்லிக் கேட்டு வாங்குனேன். இப்படி இடிக்கறதுக்கு யாரும் குடுக்கல.”

“செல்வி, அது வெறும் டெக்ஸ்சர். நாலு பிக்சல். யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?”

“அவங்களே கண்டுபிடிப்பாங்க சார். போன பார்ட்ட சந்தையே பாத்துச்சு.”

“நீ நாலு பார்ட்டா லாரியிலயும் பாறையிலயும் இடிச்சவ. இப்ப என்ன திடீர்னு?”

“லாரி என்கிட்ட எதுவும் கேக்கல சார். இவங்க கேட்டாங்க. நான் வார்த்தை குடுத்தேன்.”

அவர் பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டார். அந்த மென்மைதான் எனக்கு அதிகம் எரிச்சலைக் கிளப்பியது.

“இங்க பாரு. நீ எமோஷனலா எடுத்துக்காத. இந்தக் கோட்டா கேக்கற கும்பலைத்தான் நான் சொல்றேன். உன்னைச் சொல்லல. நீ மெரிட்டு.”

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இதைவிட மோசமாகத் திட்டியதில்லை. அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. என் அப்பாவிடமிருந்து என்னைப் பிரித்து எடுத்து, துடைத்து, தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இப்போது அவர் மேல் ஏற்றலாம் வா என்கிறார்.

“நான் கோட்டாவுல வந்தவதான் சார். காலேஜுல சேர்ந்த அன்னிக்கு எனக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணத் தெரியாது. உங்களுக்கு மூணாவது பார்ட்டு குடுத்தது அந்தக் கோட்டாதான்.”

“சரி, சரி. பப்ளிஷர் மீட்டிங் இருக்கு. பில்டு அதுக்குள்ள ரெடியாகணும்.” போனை வைத்துவிட்டார்.

நகராத கூட்டம்

பப்ளிஷர் என்பது நாங்கள் செய்த கேமை வெளியிட்டு விற்கும் கம்பெனி. அவர்கள் சரி என்றால்தான் கேம் வெளியே வரும். மீட்டிங்குக்குப் போகும் பில்டில் ரோடு, தடைகள், கூட்டம் எல்லாவற்றையும் பொருத்துவது என் வேலை. கேமில் எந்தப் பொருள் மோதினால் நகரும், எது நகராது என்று நாங்கள்தான் சொல்லி வைப்போம். ப்ளாஸ்டிக் கூம்பு பறக்கும். மாடு விலகும். பாறை அசையாது, வண்டிதான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுப்போம், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குக் கூம்பின் எடை கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பாறையாக மாற்றினேன். ஐம்பது பாயிண்டை எடுத்தேன். ஒளித்துச் செய்யவில்லை. என்ன மாற்றினேன் என்று எழுதும் இடத்தில் ‘கூட்டம் நகராது’ என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன். சலீமுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

“உங்க வேலைக்கு ஆபத்துக்கா” என்றார்.

“தெரியும் சலீம்.”

“நானும் மொதல்ல யோசிச்சேன். சொல்ல பயமா இருந்துச்சு” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் பெரிய குடும்பம் இருந்தது.

மதன் சார் குறிப்பைப் படிக்கவில்லை. வழக்கமாகவே படிக்க மாட்டார். மீட்டிங்கை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். பப்ளிஷர் தரப்பில் பெங்களூர்த் தமிழர் ஒருவர் வந்திருந்தார். போனை வாங்கி வேகமாக ஓட்டினார். வளைவு திரும்பியதும் கூட்டம். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி போய் முட்டி நின்றது. சின்னப்பொண்ணு அக்கா அசையாமல் நின்றார். பெங்களூர்க்காரர் ஹார்ன் அடித்தார். பின்னால் எடுத்து மறுபடி முட்டினார். மறுபடி ஹார்ன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

“இது ‘பக்’-ஆ?” என்று கேட்டார். தவறுதலாக வந்த கோளாறா என்று அர்த்தம்.

மதன் சார் முந்திக்கொண்டு ஆமாம் என்றார்.

நான் மைக்கைத் திறந்தேன். “இல்லீங்க. நான்தான் அப்படி வெச்சேன். அவங்க நகர மாட்டாங்க.”

“அப்ப ப்ளேயர் எப்படித் தாண்டறது?”

“தாண்ட முடியாதுங்க. நிக்கணும். இல்லன்னா திரும்பி வேற வழியா போகணும். நெஜத்துல நீங்க என்ன பண்ணுவீங்களோ அதுதான்.”

“நீ பேசாம இரு செல்வி” என்றார் மதன் சார். பிறகு அவர் தன் ஐடியாவை ஆதியிலிருந்து விளக்கினார், ஐம்பது பாயிண்ட், காம்போ உட்பட. பெங்களூர்க்காரர் கேட்டுக்கொண்டார். ரெண்டு நாள் கழித்து அவர்கள் பதில் வந்தது. மறியல் மோட் வேண்டாம். போராடுகிறவர்களை இடிக்கிற கேமை ஆப் ஸ்டோர்காரர்கள் தடை செய்துவிடலாம், கேஸ் வரலாம் என்று அவர்கள் வக்கீல் சொல்லியிருந்தார்.

படித்ததும் நிம்மதி வந்தது. அடுத்த நிமிஷமே மறுபடியும் கொதித்தது. அந்தக் கடிதத்தில் தப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. மனிதர்கள் என்ற சொல்லும் இல்லை. தடை வராது என்று வக்கீல் சொல்லியிருந்தால் சின்னப்பொண்ணு அக்கா இன்றைக்கும் நாடு முழுக்கப் பறந்துகொண்டிருப்பார்.

ஆளில்லாத ரோடு

சின்னப்பொண்ணு அக்காவைப் பழையபடி தடுப்புக்குப் பின்னால் நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். மதன் சார் கூட்டத்தையே மொத்தமாக அழிக்கச் சொல்லிவிட்டார். “ஆளுங்கன்னாலே பிரச்சனை. ரோடு மட்டும் போதும்.” என்னை அந்த டீமிலிருந்து எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு மெயில் போடச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக ராஜினாமாவை அனுப்பினேன். கேம் வந்தபோது பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. நான் வைத்த வளைவுகள் ஒவ்வொன்றும் இருந்தன.

வெள்ளிமலைக்குப் போய் சின்னப்பொண்ணு அக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தன் வீட்டுக்காரர் போனில் பார்த்திருந்தார்.

“இன்னாம்மா, ரோடு கீது, மரம் கீது, எங்க யாரையும் காணோமே?”

எதையும் மறைக்காமல் சொன்னேன். நடுரோட்டில் நிறுத்தியதை, இடித்ததை, எடுத்ததை. அவர் சாமையை அளந்து ஒருவருக்குப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

“என்னைய இடிச்சா மார்க்கா?”

“ஆமாக்கா. வெளிய வரல. நிறுத்திட்டோம்.”

“நல்லதுதான்.” ரோட்டைக் கையால் காட்டினார். “ஆனா இந்த ரோடு போடும்போது ஜல்லி சொமந்தது எங்கம்மா. என்னைய எடுத்தவங்க ரோட்டையும் எடுத்திருக்கணும். அத மட்டும் எதுக்கு வெச்சிக்கினாங்க?”

அந்தக் கேள்வியோடுதான் மலை இறங்கினேன்.

ஆகவே தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு ஊரின் ரோடு வேண்டுமென்றால் அந்த ஊர் ஆட்களும் அதில் இருக்க வேண்டும். அவர்களை எங்கே நிறுத்துவது என்று அவர்களிடம் கேட்க வேண்டும். அது முடியாதென்றால் ரோட்டில் கை வைக்காதீர்கள். வேலையை விட்ட பிறகு போன முதல் இன்டர்வியூவில் நான் இதைத்தான் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. அடுத்த இன்டர்வியூவிலும் இதையேதான் சொன்னேன்.